அவர் பேரில் ஆறரை மணி நேரம்

முன்னறையில் இரண்டு மேசைகள் இருந்தன. ஜன்னல் ஓரத்து மேசை அவருடையது. வெளிச்சமும் காற்றும் அதற்குத்தான் முதலில் வரும். சுவர் ஓரத்து மேசை அவளுடையது. அதன் ஒரு கால் குட்டை என்பதால் அடியில் அட்டையை மடித்து வைத்திருந்தாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மின்விசிறி, ஒரு பிரிண்டர், இருவரும் மாற்றி மாற்றிக் குடிக்கிற ஒரு தண்ணீர்ப் பாட்டில். வாசற்கதவைத் திறந்தால் நேராக அந்த அறைதான். செருப்பைக் கழற்றும்போதே இது இரண்டு பேர் உட்கார்ந்து வேலை செய்கிற வீடு என்று வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இருவருக்கும் தொழில் ஒன்றுதான். கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் இணையதளம் கட்டிக் கொடுப்பது, சரக்கு இருப்புக்கும் ஆர்டருக்கும் சாப்ட்வேர் எழுதிக் கொடுப்பது, எழுதியது பாதியில் நின்றால் ஓட வைப்பது. மாதச் சம்பளம் கிடையாது. உழைத்த மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. அவருடைய ஒரு மணி நேரத்துக்கு ஆயிரத்தெண்ணூறு. அவளுடையதற்கு எழுநூறு.

அந்த எழுநூறை ஒன்பது வருஷத்துக்கு முன்பு அவர்தான் போட்டார். மகளைப் பார்த்துக்கொள்வதற்காக அவள் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தபடியே அவருக்கு ஒத்தாசை செய்ய ஆரம்பித்திருந்தாள். முதல் பில் அடிக்கிற அன்று அவர் எங்கோ கிளம்பிக்கொண்டிருந்தார். ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "உனக்கு ஒரு எழுநூறு போட்டுக்குவோம்" என்றார். அவளும் சரி என்றாள். தன்னுடைய ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை என்று அவள் அதற்கு முன் யோசித்ததில்லை. அதற்குப் பிறகு யாரும் கேட்கவும் இல்லை. அவருடைய ரேட் மட்டும் வருஷா வருஷம் ஏறியது. ஏறியதில் அநியாயம் ஒன்றும் இல்லை. வாடிக்கையாளருக்கு எதிரே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, இதை இப்படி மாற்றினால் உங்களுக்கு இரண்டு ஆள் சம்பளம் மிச்சம் என்று அவர் சொல்லிக்கொண்டே போகும்போது, ஒப்பந்தம் போடாமல் எழுந்திருக்க யாருக்கும் தோன்றாது.

பதினாலு மாதத்துக்கு முன்பு ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். லேசான பக்கவாதம் என்றார்கள். கை மூன்று மாதத்தில் தேறியது. பேச்சு போகவே இல்லை. நடையில் கொஞ்சம் சாய்வு, அவ்வளவுதான். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பிழைத்தார் போங்கள் என்றார்கள். திரும்பி வராதது ஒன்று இருந்தது. அது வெளியே தெரிகிற ஒன்று அல்ல. நாலைந்து விஷயங்களை ஒரே நேரத்தில் மனதில் பிடித்துக்கொண்டு ஒரு காரியத்தை முடிக்கிற பிடிமானம் போய்விட்டது. நிரல் எழுதுவது முழுக்க அந்தப் பிடிமானத்தை நம்பியிருக்கிற வேலை. மேலே ஒன்றைத் தொட்டால் கீழே நாலு இடத்தில் ஆடும். அந்த நாலும் ஞாபகத்தில் இருக்க வேண்டும். அவருக்கு இரண்டுதான் இருந்தது.

ஆனாலும் காலை ஒன்பது மணிக்குக் குளித்து, சட்டை மாற்றி, ஜன்னல் மேசையில் வந்து உட்காருவார். ஒரு மணி வரை எழுதுவார். பிறகு சோறு, பருப்பு, ஒரு அவித்த முட்டை. மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தால் நாலு மணிவரை தூங்குவார். அந்த நேரத்தில்தான் அவள் அவர் எழுதியதைத் திறப்பாள். முதல் மாதங்களில் திருத்தினாள். திருத்துவதைவிட அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது சுலபம் என்று பிறகு தெரிந்துகொண்டாள்.

அவர்களுடைய பெரிய வாடிக்கை பம்பு செட்டுக்கு உதிரி பாகம் விற்கிற ஒரு மொத்த வியாபாரக் கம்பெனி. இருநூறு கடைக்காரர்கள் அதன் இணையதளத்தில்தான் ஆர்டர் போடுகிறார்கள். மாதம் நாற்பது மணி நேரம் ஆலோசகர் வேலை பார்க்க வேண்டும் என்று அவர் பேரில் ஒப்பந்தம். வாடகை, மகளின் படிப்பு, மருந்து, வாரம் இரண்டு நாள் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வருகிறவருக்கான கட்டணம் எல்லாம் அதிலிருந்துதான் வந்தன. அவர் படுக்கையில் இருந்த முதல் மாதம், அந்த நாற்பது மணி நேரத்தை அவள் உழைத்து, அவர் பேரில் எழுதினாள். அடுத்த மாதம் அவரே பார்த்துக்கொள்வார் என்று நினைத்தாள். அடுத்த மாதமும் எழுதினாள்.

மணி நேரத்தைக் கணக்கு வைக்க அவர்களிடம் ஒரு டைமர் உண்டு. கம்ப்யூட்டர் திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம். அதில் இரண்டு பேர்கள். யார் வேலை செய்கிறார்களோ அவர் பேரைத் தேர்ந்தெடுத்து ஓட விட வேண்டும். அவள் அந்த விஷயத்தில் கறார். கதவைத் தட்டும் சத்தம் கேட்டால் நிறுத்துவாள். பால் பொங்கப் போனால் நிறுத்துவாள். உழைக்காத ஒரு நிமிஷத்தைக்கூட யாரிடமும் வாங்கியதில்லை. டைமரில் இருந்த பொய் அந்தப் பேர் ஒன்றுதான்.

மாதக் கடைசியில் அவர் பில்லை வாங்கி, தன் பேருக்கு நேராக இருக்கிற மணி நேரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். ஒவ்வொரு மாதமும் ஒரே சண்டை.

"நான் தினம் நாலு மணி நேரம் உக்கார்றேன். நீ மாசத்துக்கே நாப்பதுதான் எழுதியிருக்க. என் நேரத்தையெல்லாம் யாருக்குத் தானம் பண்ற?"

"ஒப்பந்தம் நாப்பதுதானேங்க."

"அதுக்காக? அப்ராணியா இருக்காத. உன்ன மாதிரி ஆளை வச்சுக்கிட்டு நான் எப்படிப் பொழைக்கறது?"

அவள் சிரிப்பாள். சிரிப்பு வரத்தான் செய்யும். வேறொன்றும் வரும், அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆயிரத்தெண்ணூறு ரேட்டில் அந்தப் பணம் கணக்கில் ஏறுகிற அன்று அவளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எழும். உலகம் தன்னுடைய ஒரு மணி நேரத்துக்கு ஆயிரத்தெண்ணூறு கொடுக்கிறது. யாருக்கு என்று தெரியாமல் கொடுக்கிறது, ஆனாலும் கொடுக்கிறது. அதை நினைத்து வெட்கப்படுவாள். அடுத்த மாதம் மறுபடியும் அந்தச் சந்தோஷம் வரும்.

பம்பு கம்பெனியின் கணக்கு அலுவலர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. பில்களைச் சிவப்புப் பேனாவால் டிக் அடித்துப் பார்ப்பதால் ஆபீஸில் அவருக்கு சிவப்பு மை என்று பேர். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் போன் செய்து, சாரைத் தொந்தரவு செய்ய வேண்டாம், நீங்கள் மட்டும் ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள் என்றார். வெயில் உச்சியில் இருந்த நேரம். பஸ்ஸில் உட்கார்ந்த இடம் சுட்டது. பணம் தருவதில் தாமதம் ஆகும் என்று சொல்லப்போகிறார்கள் போல என்று அவள் நினைத்துக்கொண்டே போனாள்.

கீழே குடோன், மேலே ஆபீஸ். படியேறும்போதே கிரீஸும் ரப்பரும் கலந்த வாசனை கூடவே ஏறி வந்தது. ரப்பர் வளையங்களை அளவு பார்த்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். சிவப்பு மை அவளை உட்காரச் சொல்லி, சாருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், தேவலை என்றாள். சிவப்பு மை ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அனுப்பிய பில்லோடு இருந்த மணிநேரப் பட்டியல். ஒரே ஒரு வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"பன்னெண்டாம் தேதி. படிங்கம்மா."

பன்னிரண்டாம் தேதி. அவர் பேர். ஆர்டர் பக்கம் பழுது. ஆறரை மணி நேரம்.

"அன்னைக்கு சாயங்காலம் நான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். ஆப்பிள் வாங்கிட்டு வந்தேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மேடம்."

"சாருக்கு பிரஷர் ஏறி ரெண்டு நாள் சேர்த்திருந்தீங்க. கையில ட்ரிப்ஸ். நல்லா தூங்கிட்டிருந்தார். நீங்க வெளிய வராண்டாவுல, மடியில லேப்டாப்பை வச்சுத் தட்டிக்கிட்டு இருந்தீங்க. ஏம்மா, இந்த நேரத்துலயுமான்னு நான்கூட கேட்டேன்."

"காலையிலேர்ந்து ஆர்டர் பக்கம் நின்னுபோச்சு மேடம். உங்க ஆளுங்க போன் மேல போன் போட்டாங்க."

"வேலை நடக்கலன்னு நான் சொல்லல. ஆறு மணிக்கெல்லாம் ஓட ஆரம்பிச்சுடுச்சு. ஆனா யாரு பேர்ல எழுதியிருக்குன்னு பாருங்க. ட்ரிப்ஸ் ஏத்திக்கிட்டுத் தூங்கற மனுஷன் ஆறரை மணி நேரம் வேலை பார்த்தார்னு நான் எப்படி பாஸ் பண்றது? நாளைக்கு ஆடிட்டர் கேட்டா, கனவுல பார்த்தார்னா சொல்ல முடியும்?"

பேரை மாற்ற மறந்துவிட்டேன் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அது உண்மையும்கூட; அவர் ஆஸ்பத்திரியில் இருந்த அன்றாவது தன் பேருக்கு மாற்றியிருக்க வேண்டும். டைமர் கடைசியாகத் தேர்ந்தெடுத்த பேரையே வைத்துக்கொண்டிருக்கும். அன்று வராண்டாவில், உள்ளே நர்ஸ் வந்துபோவதையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது கண்ணில் படவில்லை. அப்படிச் சொன்னால் அந்த ஒரு வரியைத் திருத்திக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"மறந்துட்டீங்களா?" என்று சிவப்பு மையே வழியும் காட்டினார்.

அவளுக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று பின்னால் பல தடவை யோசித்துப் பார்த்தாள். நேர்மை என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. பதினாலு மாதம் நேர்மை எங்கே போயிருந்தது? களைப்பு என்று சொல்லலாம். ஆனால் அடியில் இருந்தது வேறு. அந்த வேலை தன்னுடையது என்று உலகத்தில் ஒரே ஒருத்தருக்காவது தெரியட்டும் என்று அந்த நிமிஷத்தில் இருந்தது.

"இல்ல மேடம். எல்லா நாளும் அப்படித்தான். அவருக்கு உடம்பு முடியாம போனதுலேர்ந்து."

சிவப்பு மை பேனாவை மூடினார். பக்கத்து மேசைக்காரரை, போய் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். பிறகு கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார்.

"ஒரு மணி நேரத்துக்கு வித்தியாசம் ஆயிரத்து நூறு. நாப்பது மணி. பதினாலு மாசம்." திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். ஆறு லட்சத்துப் பதினாறாயிரம். "இதைத் திருப்பிக் கேளுன்னு முதலாளி சொன்னா நான் கேட்டுத்தான் ஆகணும்."

"வேலையில குறை இருந்துச்சா மேடம்?"

"இல்லையே. போன வருஷத்தைவிட நல்லா ஓடுது. அதனாலதான் எனக்குச் சந்தேகமே வரல."

"அப்ப வித்தியாசம் எதுக்கு?"

சிவப்பு மை கால்குலேட்டரைத் தள்ளி வைத்தார். அவரும் முப்பது வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். "அதை என்கிட்ட கேட்காதீங்க. எழுதிக் குடுங்க. பதினாலு மாசமும் உங்க பேர்ல போட்டுத் திருத்தின பட்டியல், கூட ஒரு கடிதம். ரேட் என்னன்னு நீங்களே போடுங்க. நான் முதலாளி முன்னால வைக்கறேன். ஆனா ஒப்பந்தம் சார் பேர்ல இருக்கு. அவர் கையெழுத்து இல்லாம எனக்கு அது வெறும் காகிதம்."

வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார். அதுவரை இந்த மாதத்துப் பில் நிற்கும்.

திரும்பி வரும்போது ஆறு லட்சம் அவளை அவ்வளவாகப் பயமுறுத்தவில்லை. கையெழுத்துதான் பயமுறுத்தியது.

சாயங்காலம் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே மகளிடம் சொன்னாள். பதினோராம் வகுப்புப் படிக்கிற மகள் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அம்மா யாருடைய வேலையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுவாள். கேட்டதில்லை. இப்போது முழுவதையும் கேட்டுவிட்டு, பென்சிலை நோட்டுக்குள் வைத்து மூடினாள்.

"அப்பா எதையும் படிக்கமாட்டார்மா. மணி நேரத்தைப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார். பில்லோட சேர்த்து வச்சுக் குடுத்துடு."

"ஏமாத்தச் சொல்றியாடி?"

"ஒரு வருஷமா என்ன பண்ணிட்டிருக்கோம்?"

அவள் நறுக்குவதை நிறுத்தினாள். மகள் பண்ணிட்டிருக்கோம் என்று தன்னையும் சேர்த்துச் சொன்னது உறைத்தது.

"அப்பாவுக்கு அந்த ஒண்ணுதான் இருக்கும்மா. காலையில ஒம்பது மணி. அதையும் பிடுங்கிட்டா அவர் என்ன பண்ணுவார்? டிவி பார்ப்பாரா?"

"நான் பிடுங்கலடி."

"நீ பிடுங்கறன்னு சொல்லல. ஆனா கடிதத்துல அதுதானே எழுதியிருக்கும்."

அன்றும் மறுநாளும் அவள் அவரைக் கவனித்தாள். புதன்கிழமை காலை அவர் சரக்கு இருப்புப் பக்கத்தில் ஏதோ செய்துகொண்டிருந்தார். ஒரு வரியை எழுதுவார், மேலே போய்ப் பார்ப்பார், கீழே வருவதற்குள் எதற்கு மேலே போனோம் என்று மறந்துபோயிருக்கும். மறுபடி மேலே போவார். முகத்தில் எரிச்சல் இல்லை. தெரிந்த தெருவில் வீட்டு நம்பர் தேடுகிறவரைப் போல நிதானமாகத் தேடிக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு அவள் டீ கொண்டுபோய் வைத்தாள். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டாள். பாதி முடிந்தது என்றார். அந்தப் பக்கத்தை அவள் போன வாரமே எழுதி முடித்து ஓட விட்டிருந்தாள்.

யாரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குள் ஒரு கேள்வி வந்தது. அவரை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவர் பேரை ஒட்டிக்கொண்டிருந்த அந்த ஆயிரத்தெண்ணூறையும் சேர்த்துத்தானே? அவருக்கு எழுநூறு ரேட்டாகவும் தனக்கு ஆயிரத்தெண்ணூறாகவும் இருந்திருந்தால் இத்தனை மாதம் மறைத்திருப்போமா? பதில் உடனே வந்தது. அது பிடிக்காமல் போய்ப் பாத்திரம் தேய்த்தாள்.

மத்தியானம் கடிதத்தை எழுதினாள். தொடங்குவது சுலபமாக இருந்தது. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை எழுதப்பட்ட மணி நேரங்களில், கடைசிப் பக்கத்தில் தனியாகக் குறித்த ஒன்பது தவிர மற்றவை அனைத்தும் என் மனைவி செய்த வேலைக்கானவை. ரேட் என்ற இடத்தில் நின்றாள். எழுநூறு என்று அடித்தாள். பார்க்கப் பழக்கமாக இருந்தது. அழித்தாள். ஆயிரம், ஆயிரத்திருநூறு என்று எழுதி எழுதி அழித்தாள். யாரிடமோ பேரம் பேசுவதுபோல இருந்தது, எதிரே ஆளே இல்லை. கடைசியில் ஒரு வேலையை நினைத்துப் பார்த்தாள். வராண்டாவில் உட்கார்ந்து ஆறரை மணி நேரத்தில் சரிசெய்த ஆர்டர் பக்கம். நல்ல நாளில் அவரிடம் கொடுத்திருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஏழு. எட்டுகூட ஆகியிருக்கும். ஆயிரத்தெண்ணூறு என்று அடித்து, பிரிண்ட் போட்டாள்.

வியாழக்கிழமை காலை அவர் மேசையில் வந்து உட்கார்ந்ததும், பில்லுக்கு அடியில் வைக்காமல், கடிதத்தைத் தனியாக அவர் முன்னால் வைத்தாள். தன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அவர் பேனாவை எடுத்தார்.

"படிச்சுட்டுப் போடுங்க."

"நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்."

"படிங்க."

வரிக்குக் கீழே விரலை வைத்து அவர் படித்தார். மூன்றாவது வரியில் விரல் நின்றது. மறுபடி முதல் வரிக்குப் போயிற்று. வெளியே யாரோ சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கடிதத்தை முடித்து, கூடவே இருந்த பட்டியலின் ஆறு பக்கத்தில் ஐந்தை ஒவ்வொன்றாகத் திருப்பினார்.

"என் பேரு எங்கயும் இல்லையே."

"இல்லைங்க."

"பதினாலு மாசத்துலயும்?"

"ஒம்பது மணி நேரம் உங்களுது. கடைசிப் பக்கத்துல தனியா போட்டிருக்கேன். கடைக்காரங்க விலாசம் மாத்தற பக்கம். அது நீங்க எழுதினது அப்படியே இருக்கு."

"மிச்சமெல்லாம்?"

"நான் திரும்ப எழுதினேன். நீங்க தூங்கும்போது."

அவர் திரையைப் பார்த்தார். நேற்றைய வேலை பாதியில் திறந்திருந்தது.

"இதுவும் முடிஞ்சுடுச்சா?"

"போன வாரம்."

அவள் காத்திருந்தாள். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். பதில்களை எல்லாம் இரவு முழுக்க அடுக்கி வைத்திருந்தாள்.

"தினமும் நான் உக்காந்து இதைத் தட்டிக்கிட்டு இருந்தப்ப, நீ பின்னால உக்காந்து பார்த்துக்கிட்டுதான இருந்த?"

"ஆமாங்க."

"டீ வேற கொண்டுவந்து குடுத்த."



அவர் கையெழுத்துப் போட்டார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் கையெழுத்து சின்னப் பிள்ளை எழுதுவதுபோல நேராக ஆகியிருந்தது. ஆறு பக்கத்திலும் போட்டு, அடுக்கி, அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். மொட்டை மாடியில் போய் நின்றார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வந்தார். பாதி சாப்பிட்டார். முட்டையைத் தொடவில்லை. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, ஜன்னல் மேசையில் கம்ப்யூட்டர் மூடிக் கிடப்பதைப் பார்த்தாள். புத்தகப் பையை இறக்காமலே அம்மாவைப் பார்த்தாள். சொல்லிட்டியா என்று வாயசைத்தாள். அவள் தலையாட்டினாள். மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சனிக்கிழமைவரை அம்மாவோடு அவள் அளந்துதான் பேசினாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். பன்னிரண்டு மணிக்கு சிவப்பு மை போன் செய்தார். முதலாளி பழசைக் கிளற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்த மாதத்துப் பில் திங்கட்கிழமை போய்விடும். இனிமேல் உங்கள் பேரிலேயே ஒப்பந்தம் போடச் சொல்கிறார். ரேட் மட்டும் ஆயிரத்தைந்நூறு.

"ஆயிரத்தெண்ணூறு மேடம்."

"ஏம்மா, ஆறு லட்சத்தை விட்டுக் குடுத்திருக்கார். அதை நினைச்சுப் பாருங்க."

"அவர் விட்டுக் குடுக்கல மேடம். அது என்னோடது."

தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது. கேட்டுச் சொல்கிறேன் என்று சிவப்பு மை போனை வைத்தார். அவர் மறுபடி கூப்பிடும்வரை இருந்த முக்கால் மணி நேரத்தில் அவள் ஒரு வேலையும் செய்யவில்லை. பேராசைப்பட்டு எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டோமோ என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் வந்தது. முதலாளி சரி என்றுவிட்டார், ஆனால் மூன்று மாதம் பார்ப்போம் என்கிறார். "நான் கேட்டப்ப முறைச்சார். நானும் முறைச்சேன்" என்று சேர்த்துக்கொண்டார் சிவப்பு மை.

அதைக் கணவரிடம் போய்ச் சொன்னாள். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர், நல்லது என்றார். வேண்டா வெறுப்பாகச் சொன்னதுபோல இல்லை. சந்தோஷமாகச் சொன்னதுபோலவும் இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் முன்னறைப் பக்கமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பெய்தபோது மேசை நனையாமல் இருக்க ஜன்னலை அவள்தான் போய்ச் சாத்தினாள். அந்த நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தாள். அங்கிருந்து தெரு நன்றாகத் தெரிந்தது. எழுந்து தன் இடத்துக்கே வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை அவள் வேலையைத் தொடங்கி அரை மணி ஆகியிருக்கும். அவர் வந்தார். குளித்திருந்தார். சட்டை மாற்றவில்லை, வீட்டில் போடுகிற பனியன்தான். ஜன்னல் மேசையில் உட்காராமல் அவளுடைய மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏதாவது வேலை இருக்கா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கேலி செய்கிறாரா என்று முதலில் சந்தேகம். இல்லை.

"கோடிங் குடுக்காத. என்னால முடியற வேலையா இருந்தா சொல்லு. சும்மா உக்கார வைக்கறதுக்காகவும் குடுக்காத."

வேலை இருந்தது. கம்பெனியில் விலைகளை மாற்றியிருந்தார்கள். ஆயிரத்து நூறு பாகங்கள். அவள் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டாள். ஆனால் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, அவர்கள் கொடுத்த அச்சடித்த பட்டியலோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம், ஒரு விலை. அவள் அதைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். என்ன செய்ய வேண்டும் என்று சொன்னாள். அவர் பட்டியலை வாங்கி, பக்கங்களை எண்ணினார்.

"ரேட் என்ன?"

வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம். நமக்குள் என்ன ரேட் என்றும் சொல்லியிருக்கலாம். அவர் நின்ற விதத்தில் இரண்டையும் சொல்லக் கூடாது என்று தெரிந்தது. வெளியே யாரையாவது இந்த வேலைக்கு வைத்தால் என்ன கொடுப்போம் என்று யோசித்தாள். அவருடைய வேகத்தையும் யோசித்தாள்.

"முந்நூறு."

அவர் முகத்தில் அது ஒரு கணம் பட்டுத் தெறித்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை.

"நான் இந்தத் தொழில்ல இருபது வருஷம் இருந்தவன் மேடம். கொஞ்சம் பார்த்துப் போடுங்க."

"முந்நூத்தம்பது. அதுக்கு மேல கட்டாது."

"வாரா வாரம் குடுக்கணும்."

"மாசக் கடைசியிலதான். எல்லாருக்கும் அப்படித்தான்."

"கறார் பேர்வழிடி நீ" என்றார். நாலு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவளை டி போட்டுப் பேசினார். பட்டியலை எடுத்துக்கொண்டு ஜன்னல் மேசைக்குப் போனார்.

அவர் பாகத்தின் எண்ணை முணுமுணுப்பாகப் படிப்பார், பக்கத்தைத் திறப்பார், விலையைப் படிப்பார், பட்டியலில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். அடுத்தது. அவ்வளவு மெதுவாக ஒருவர் வேலை செய்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்குச் சிரமமாக இருந்தது. ஒரு நாளைக்கு இத்தனை என்று மனசு தானாகவே பெருக்கிப் பார்த்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று தன் திரையிலேயே கண்ணை வைத்துக்கொண்டாள்.

பதினொன்றரை மணிக்கு முணுமுணுப்பு நின்றது. அவர் பட்டியலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மறுபடி திரையைப் பார்த்தார். இரண்டையும் இன்னொரு தடவை பார்த்தார்.

"இங்க வா."

"என்னங்க?"

"நாப்பத்தோராவது. ரெண்டு இஞ்ச் வளையம். காகிதத்துல நூத்தி எண்பது. நீ ஆயிரத்து எண்ணூறு ஏத்தியிருக்க."

அவள் எழுந்து போய், அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள். விலையின் கடைசியில் ஒரு சைபர் அதிகமாக இருந்தது. அவள் போட்டதுதான்.